கிழக்கு வாயிலின் முதல் நடை

அன்று கிழக்கு வாயிலில் இருந்தவர்கள் நால்வர்: என் அண்ணன் கோமதிநாயகம், அண்ணி சொர்ணத்தம்மாள், அவர்கள் மகள் உலகம்மை, நான். வாயிலோன் என்ற காவல் இயந்திரத்தையும் சேர்த்தால் ஐவர். வேறு யாரும் இல்லை. அங்கே இல்லாதவர்கள்தாம் இன்று அதிகம் பேசுகிறார்கள்.

செங்கோட்டுமலை தேசியப் பூங்காவுக்குள் போகும் மனிதர் எல்லோரும் கழுத்தில் வளையம் மாட்டிக்கொள்வது வழக்கம். குழந்தைகள் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். நாம் எங்கே நிற்கிறோம் என்பதை வளையம் ஓயாமல் அறிவிக்கும். யானை, வரையாடு, மந்தி ஆகியவற்றின் காதில் பொருத்திய செவிப்பொத்தான் உடனே அதிரும். ஓடைப் பக்கம் மனிதர் வருகிறார்கள் என்று அறிந்து அவை விலகிப் போகும். மலையை நிர்வகிப்பது வனமதி என்ற இயந்திர அறிவு. மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பாமல் அதனிடம் ஒப்படைத்த பொறுப்பு அது.

மழைக்குப் பின் பூங்கா திறக்கும் நாளில் கிழக்குப் பாதையில் ஏறும் முதல் நடை எங்கள் குடும்பத்துக்கு உரியது. எங்கள் முப்பாட்டனார் இந்தப் பூங்காவின் முதல் தலைவர். ஓர் ஆண்டு தவறினாலும் அந்த உரிமை மேற்கு வாயில் குடும்பத்துக்குப் போய்விடும்.

அந்த ஆண்டு பாதை மூடிக் கிடந்தது.

"கிழக்குப் பாதையில் யானை ஒன்று கன்று ஈன்றிருக்கிறது. தெற்குப் பாதையில் செல்லுங்கள்," என்றது வாயிலோன்.

"தெக்குப் பாதையா? அது டிக்கெட் வாங்கிட்டு வாரவங்க போற வழில்லா?" என்றார் அண்ணன். "நாலு தலைமுறையா இதுலதான் போறோம். இன்னைக்கும் இதுலதான் போவேன்."

வளையத்தைக் கழற்றிக் கீழே போட்டார்.

"தெக்கால போனா மலை நம்மள வேண்டாம்னா சொல்லப்போவுது, அப்பா?" என்றாள் உலகம்மை.

"நீ சும்மா இருட்டி. மேக்கு வாயில்காரன் சிரிப்பான்."

"அவன் எப்பவுந்தான் சிரிக்கான். வெயில் ஏறுது, வாங்க," என்றார் அண்ணி.

அண்ணன் அசையவில்லை. மனிதக் காவலாளி என்றால் அதட்டலாம். மேலதிகாரியின் பெயரைச் சொல்லலாம். இது கோபப்படவும் இல்லை, பணியவும் இல்லை. சொன்னதையே அதே குரலில் சொன்னது. கடைசியில் பொறுமை இழந்த அண்ணன், கைத்தடியால் வேலிக் கம்பத்தை நெம்பிச் சாய்த்தார்.

வாயிலோன் எங்கள் காதுபடவே வனமதியிடம் கேட்டது: "முதிர்ந்த ஆண். கூட்டத்தின் பேச்சைக் கேட்பதில்லை. பழைய வழித்தடத்தை விடுவதில்லை. வேலியைச் சாய்க்கிறது. விதி என்ன?"

"சாய்க்கிறார் என்று சொல்," என்றேன் நான்.

"மயக்க ஊசி. பிறகு வேறு இடத்துக்கு மாற்றம்," என்றது வனமதி.

"எவன் போட்ட விதி இது?" என்று சீறினார் அண்ணன்.

"உங்கள் முப்பாட்டனார் யானைகளுக்காக வகுத்தது. அவற்றின் நன்மைக்கே என்றும் சொன்னார். அதில் எதையும் நாங்கள் மாற்றவில்லை."

அண்ணன் நிமிர்ந்து நின்றார்.

"அவர் போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். ஊசி தோளில் பாய்ந்தது.

கண்விழித்தபோது தொலைவில் ஒரு கடற்கரைச் சவுக்குத் தோப்பில் கிடந்தார். கழுத்தில் கழற்ற முடியாத வளையம். மேற்கு வாயில்காரர்கள் முதல் நடையை முடித்துவிட்ட செய்தியும் அதன் வழியாகவே அவருக்கு வந்தது. எழுந்து, மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். வழியில் ஊர்தோறும் மக்கள் கூடிக் கூச்சலிட்டார்கள். அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் பட்டாசு கொளுத்தி விரட்டினார்கள். இடம் மாற்றியதைக் கூட்டத்தார் திருப்பி அழைத்துவரக் கூடாது என்பதும் முப்பாட்டனார் விதிதான்; வீட்டிலிருந்து வளையத்தின் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவர் ஒரு ரேஷன் கடையின் கதவை உடைத்து அரிசி தின்றார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அது பழக்கடை. கதவு திறந்திருந்தது. வாழைப்பழத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கினார்.