பகலில் செய்த இரவு

கடைசி ஜன்னலிலும் கறுப்புத் துணியை மாட்டி டெல்னா கிளிப்பை அழுத்தியபோது, அது அவள் கட்டைவிரலைக் கடித்து நகத்தைக் கறுக்க வைத்தது. அந்த நொடியே வெளியே சில்வண்டு கத்தத் தொடங்கியது. காலை நேரத்தில் சில்வண்டுக்கு என்ன வேலை என்று நினைத்தாள். கேரளத்து இரிஞ்சாலக்குடை மழைக்காலத்தில் எது எப்போது கத்தும் என்று யார் கண்டது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

பெண்கள் ஹாஸ்டல் கேட்டை சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் இழுத்துப் பூட்டிவிடுவார்கள். பையன்கள் விடிய விடிய ரோட்டில் சுற்றிப் படம் எடுப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு இரவு வேண்டுமென்றால் பகலிலேயே செய்துகொள்ள வேண்டியதுதான். அதற்காகத்தான் மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பாவின் பூட்டிக் கிடந்த இந்த வீட்டுச் சாவியை வாங்கி வந்திருந்தாள்.

மாணவர் குறும்படத்துக்கு உண்டான இலக்கணம் எதையும் அவள் மீறவில்லை. ஒரே வீடு, ஒரே பெண், வசனமே கிடையாது. கதவு தட்டப்படும், திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள், கடைசியில் ஒரு ட்விஸ்ட். அந்தப் பாழாய்ப்போன ட்விஸ்ட் மட்டும் இன்னும் அகப்படவில்லை. போன வருடம் அவள் படம் ஓடும்போது சினிமா வகுப்பு சார் கொட்டாவி விட்டது இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. நாளை ஒரு மாதிரிக் காட்சியைக் காட்டி அவரை அசத்தினால்தான் கல்லூரிக் கேமரா கைக்கு வரும்.

நடிக்க வந்தவள் ஸஹலா, ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். இருட்டென்றால் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். கரண்ட் போனால் டெல்னாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

"எடீ, சத்தியம் பண்ணு. என்னைத் தனியா விட்டுட்டுப் போகமாட்டியே?"

"எங்கடீ போவேன்? இந்தப் போனுக்குப் பின்னாலதான் நிப்பேன். உன்னை விட்டுட்டுப் போனா உங்க உம்மா என்னை வெட்டிப் பொரிச்சிட மாட்டாங்களா?"

"அப்ப கதவை யாரு தட்டுறது?"

"சத்தத்தை அப்புறம் சேத்துக்கலாம். கேட்ட மாதிரி நடி, போதும்."

பொய். சொல்லாமல் வெளியே போய் டெல்னாவே தட்டப்போகிறாள். நிஜமான பயம் முகத்தில் வந்தால் அதற்கு ஈடு உண்டா? சிநேகிதியை ஏமாற்றுகிறோமே என்று மனம் உறுத்தத்தான் செய்தது. படம் முடிந்ததும் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று அதை அடக்கினாள்.

ஸஹலா மெழுகுவர்த்தியோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அடைத்துக் கிடந்த வீட்டின் ஈரச்சுவர் நாற்றமும் பாச்சை உருண்டை நெடியும் மெல்ல அடங்க, வாசல் தொட்டியில் இருக்கும் நிஷாகந்திப் பூவின் வாசனை, இரவில் மட்டும் மலரும் அந்தப் பூவின் கனத்த வாசனை, துணியின் நெசவு வழியாகக் கசிந்து வந்து அறையை நிறைத்தது. எதிரே இருக்கும் மர அறுவை மில்லின் இரைச்சல் எப்போது நின்றது என்று டெல்னாவுக்குத் தெரியவில்லை. சில்வண்டு இப்போது ஒன்றல்ல, பல. தரை ஜில்லிட்டது.

போனில் பதிவைத் தட்டிவிட்டு, வெறுங்காலோடு சமையலறைக் கதவு வழியே நழுவினாள்.

வெளியே மழை ஓய்ந்து வெயில் கொளுத்தியது. மில் இரைந்துகொண்டிருந்தது. ஒரு சில்வண்டுகூட இல்லை. வாசலில் நிஷாகந்தி மொட்டு கூம்பித் தொங்கியது. மூக்கை வைத்துப் பார்த்தாள், வாசனையே இல்லை. இருந்தாலும் முன்கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. மெழுகுவர்த்தியோடு ஸஹலா. உதடு நடுங்கியது. நேர் எதிரே நின்ற டெல்னாவைத் தாண்டி எங்கோ பார்த்தாள். என்னமா நடிக்கிறாள் என்று டெல்னா பூரித்துப்போனாள். பிறகுதான் கவனித்தாள். இத்தனை வெயிலில் ஒரு துளிகூட ஸஹலாவின் முகத்தில் விழவில்லை.

"போதும்டீ, கட்!"

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"ஸஹலா! நான்தான்டீ, திற!"

சமையலறைப் பக்கம் ஓடினாள். திறந்துவிட்டு வந்த கதவு. உள்ளே தாழிட்டிருந்தது. திரும்பி ஓடிவந்து முன்கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

உள்ளே ஸஹலா அழுதாள். "டெல்னா, யாரோ கதவை உடைக்கிறாங்கடீ!"

"நான் இங்கதானே இருக்கேன்." உள்ளேயிருந்தே ஒரு நிதானமான குரல். டெல்னாவின் குரல். "நான் கட் சொல்ற வரைக்கும் திறக்காதே."

அந்த இருட்டில் ஸஹலா. தனியாக இருந்தாலாவது பரவாயில்லையே, கடவுளே!

ஜன்னல். கம்பிக்குள் கையை விட்டாள். துணியை இழுத்தாள். ஒரு மூலை கழன்றது. வெயில் அவள் முதுகைச் சுட்டது. உள்ளே ஒரு கோடு வெளிச்சம்கூட விழவில்லை. மெழுகுவர்த்திச் சுடர். அதன் பின்னே ஸஹலா, கண்களை இறுக மூடிக்கொண்டு. பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்திருந்தாள். ஹாஸ்டலில் பிடிப்பது போலவே, இரண்டு கைகளாலும்.

"ஸஹலா, கண்ணைத் திறடீ! அது நான் இல்லடீ!"

ஸஹலா இன்னும் ஒட்டிக்கொண்டாள். "நல்லவேளை," என்றாள், "நீ என்னை விட்டுட்டுப் போகல."

சுடருக்கு அப்பாலிருந்து, பக்கத்தில் நின்றவளின் இன்னொரு கை நீண்டது. கழன்ற மூலையை எடுத்தது. அவசரமே இல்லாமல் சுருக்கம் நீவியது. கம்பியில் பொருத்திக் கிளிப்பை அழுத்தியது. அந்தக் கட்டைவிரலின் நகம் கறுத்திருந்தது.