நீரேற்றுக் கிணற்றில் பொரியாதவை

2019 மே 19, ஞாயிற்றுக்கிழமை. முறையீடு இதுதான்: புற்றுநோய் மருந்தைக் கையாளும் செவிலிக்கு இரண்டடுக்குக் கையுறை தருகிறார்கள், அம்மருந்து நோயாளியின் உடல் வழியே கழிவுநீரில் கலந்தபின் எங்கே போகிறதென்று எவரும் கேட்பதில்லை.

அன்று விடியுமுன், குடிநீர் நிலையத்தின் பம்ப் ஆபரேட்டர், ஆற்றோரத்து நீரேற்றுக் கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். குளோரின் நெடியும் ஈரச் சுவரின் புளித்த வாடையும் கலந்து மூக்கில் ஏற, எங்கோ ஒரு வால்வு சொட்டும் ஓசை சுவரில் பட்டுத் தாமதமாகத் திரும்பிவர, நீர்மட்டத்தை ஒட்டி வளையமாகப் படிந்திருந்த தவளை முட்டைகள் மங்கலாக மின்னின. இருபது நாள்களாக அவை அங்கேயே இருந்தன. பொரியவில்லை. அழுகவுமில்லை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி, முதல் நாள் கண்ட அதே அளவில்.

தவளைச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தார். பிடிபடவில்லை.

மனைவிக்கு ஐந்தாம் முறை மருந்து ஏற்றியபோது செவிலி சொன்னது காதில் ஒலித்தது: “ரெண்டு நாளைக்கு டாய்லெட் மூடியை மூடிட்டு, ரெண்டு தடவை தண்ணி விடுங்க சார். மாசமா இருக்கற பொண்ணு அந்தப் பக்கமே போகக்கூடாது. வளர்ற செல்லை நிறுத்தறதுதான் மருந்தோட வேலை. கட்டி எது, குழந்தை எதுன்னு அதுக்குத் தெரியாது.”

வீட்டில் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவர் சொன்னபடியே செய்தார். மனைவிதான் சிரித்தாள்: “ஏங்க, ஊருக்கெல்லாம் அளந்து விடுறவரு, எனக்கு மட்டும் இப்படி வாரி இறைக்கிறீங்களே.”

வாரி இறைத்த நீர் கழிவுநீர் நிலையத்துக்குப் போனது. அங்கிருந்து ஆற்றில் விழுந்தது. மருத்துவமனையின் நீரும் அவ்வழியே வந்தது. அது விழும் இடத்துக்கு ஆற்றோட்டத்தில் நானூறு மீட்டர் கீழே இந்தக் கிணறு.

பொறியாளருக்குப் போன் செய்தார்.

“முட்டை பொரியலைன்னா ஞாயித்துக்கிழமை என்னை எழுப்புறீங்க?”

“சார், அந்த மருந்து தண்ணியில இருக்கான்னு பார்க்கணும்.”

“பதிவேட்டுல அதுக்குக் கட்டம் இருக்கா? இல்லல்ல? குளோரின் சரியா இருந்தா மோட்டாரைப் போடுங்க. ஆறு மணிக்குத் தண்ணி வரலைன்னா என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க.”

மகளிடம் சொல்லலாம். சொன்னால் மனைவிக்குத் தெரிந்துவிடும். தன்னால் பேரக்குழந்தைக்குத் தீங்கு என்று தெரிந்தால், மிச்சமுள்ள மூன்று ஊசிக்கும் அவள் கைநீட்ட மாட்டாள். நீட்டாவிட்டால் அவள் இருக்க மாட்டாள். கேன் தண்ணீர் வாங்கலாம். கேன்காரரும் இந்தக் குழாயில்தான் பிடிக்கிறார். கொதிக்கவைத்தால் போகுமா? அவருக்குத் தெரியவில்லை.

ஆறு மணி. பொத்தானை அழுத்தினார்.

மோட்டார் உறுமியது. ஆறு வற்றிக் கிடந்த அந்த ஆண்டில், என்றுமே இறங்காத ஆழத்துக்கு நீர்மட்டம் இறங்கியது.

வளையத்துக்குக் கீழே இன்னொரு வளையம்.

அதற்கும் கீழே இன்னொன்று.

சுவரே தெரியவில்லை. டார்ச் எட்டும் ஆழம்வரை அடுக்கடுக்காய் முட்டைகள். எத்தனை ஆண்டுகளுக்கு உரியவையோ. அத்தனையிலும் அதே அளவுப் புள்ளி. அழுகாமல். வளராமல்.

போன் அடித்தது. மகள்.

“அப்பா, தண்ணி இன்னிக்குச் சில்லுனு இருக்கு. எந்திரிச்சதும் ரெண்டு டம்ளர் குடிச்சேன். உங்க பேரப்புள்ளதான் சரியான தூங்குமூஞ்சி. நேத்துலேருந்து அசையவே இல்ல.”

டார்ச்சை மறுபடி கிணற்றுக்குள் திருப்பினார். நீர் மேலும் இறங்கிக்கொண்டிருந்தது.

இதைப் படிக்கும் நீங்கள், உங்கள் ஊர்க் குடிநீர் அலுவலகத்துக்கு இன்றே கடிதம் எழுதுங்கள். எவற்றையெல்லாம் சோதிக்காமல் விடுகிறார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை விடாதீர்கள்.