சுண்டு விரலுக்கு ஒரு வளையம்

சாப்பாட்டு டப்பா மூன்றாவது நாளும் எடை குறையாமல் வீடு திரும்பியது.

"டப்பா ஊர் சுத்திப் பாத்துட்டு வந்திருக்கு" என்றாள் அம்மா. "என் சமையல் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லுங்க."

"பசிக்கல" என்றார் அப்பா.

பசிக்காத மனிதர் உடனே தட்டைக் கேட்டு வாங்கி, இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, தலை நிமிராமல் சாப்பிட்டார். சுண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சுண்டுவுக்குப் பதினொரு வயது. வயதுக்கேற்ற உயரம் இல்லை. அதனால் அந்தப் பெயர்.

அப்பா தகர மூடி செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். அங்கே உள்ள இயந்திரத்தில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு கீழே இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது. யோசித்துச் செய்தது. ஆனால் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லோரும் ஒரு பொத்தான் அழுந்தியே இருக்கும்படி அதில் அட்டையை மடித்துச் செருகிவிடுவார்கள். அப்பாவும் செருகினார். வலது கையில் சுண்டு விரல் மட்டும் மிஞ்சியது.

காயம் ஆற ஐந்து மாதம் ஆனது. இந்த வாரம்தான் அதே ஆலையின் கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். அதற்காக அம்மா வாங்கியது இந்த நீல டப்பா.

"இனிமே சாப்பாடு கட்ட வேணாம்" என்றார் அப்பா. "வேலையையே விட்டுடலாமான்னு பாக்குறேன்."

அம்மா அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

சுண்டு டப்பாவைக் கையில் எடுத்தாள். மூடியின் இரண்டு பக்கமும் கிளிப். ஒரு கிளிப்பின் ஓரத்தில் வரிசையாகச் சின்னக் குழிகள்.

பல் தடம்.

"டேய் பொடியா, இதை நீ கடிச்சியா?"

"எனக்குத்தான் முன்பல்லே இல்லையே!" தம்பி ஈறைக் காட்டினான்.

சுண்டு டப்பாவோடு உள்ளே போனாள். வலது கையில் சுண்டு விரலை மட்டும் விட்டு, மற்ற நான்கையும் துணியால் இறுக்கிக் கட்டினாள். இடது கையால் கிளிப்பைத் தூக்கினால் டப்பாவும் கூடவே எழுந்து வந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இழுத்தாள். பட்டென்று திறந்தது. பாதிச் சாப்பாடு சட்டையில்.

வாசலில் அப்பா நின்றிருந்தார்.

"என்ன பண்ற?"

"நீங்க பண்ணினதைத்தான்."

அப்பா அந்தத் துணிக்கட்டையே பார்த்தார்.

"முதல் நாள் பல்லால இழுத்தேன். எல்லாரும் பாத்தாங்க."

"சிரிச்சாங்களாப்பா?"

"சிரிச்சிருந்தா திட்டியிருப்பேன். ஒருத்தன் எழுந்து வந்து, 'குடுங்கண்ணே, நான் திறந்து தர்றேன்'னான். பசியே போயிடுச்சு." குரல் இறங்கியது. "ஒரு டப்பாவைத் திறக்கத் துப்பில்ல எனக்கு."

"டப்பாவுக்குத்தான் துப்பில்ல" என்றாள் சுண்டு. "மெஷின் ரெண்டு கை கேட்டுச்சு, அதுக்குக் காரணம் இருந்துச்சு. இது எதுக்குக் கேக்குது? செஞ்சவங்க உங்களை நினைச்சே பாக்கல."

மறுநாள் விடுமுறை. சுண்டு சைக்கிள் கடைக்குப் போய்ப் பழைய டியூப் கேட்டாள்.

"எதுக்கு?"

"சாப்பாட்டு டப்பாவுக்கு."

"டப்பா பஞ்சராயிடுச்சா?" என்றார் கடைக்காரர். ஆனாலும் கொடுத்தார்.

கிளிப்புகளைக் கழற்றினாள். "புது டப்பாடி!" என்று அம்மா கத்தினாள். கழற்றிய இடத்தில் இரண்டு பக்கமும் சின்னக் குமிழ் இருந்தது. டியூபை நீளமாக வெட்டி, ஒரு முனையை ஒரு குமிழில் கட்டினாள். மறுமுனையில் துளை போட்டு, மூடிக்கு மேலாக இழுத்து அடுத்த குமிழில் மாட்டினாள். துளையைத் தாண்டி, பிடித்து இழுக்க ஒரு வளையம்.

தண்ணீர் ஊற்றிப் பொடியன் தலைக்கு மேல் கவிழ்த்துப் பார்த்தாள். பொடியன் நனைந்தான். பட்டையைக் குட்டையாக்கினாள். இப்போது திறக்கவே வரவில்லை. மூன்றாவது பட்டை சரியாக இருந்தது. ஒரு சொட்டும் விழவில்லை. பொடியனுக்குத்தான் ஏமாற்றம்.

ஆனால் வளையம் அவள் விரலுக்கு வெட்டியது.

"கையைக் குடுங்கப்பா. அளவெடுக்கணும்."

அப்பாவின் வலது கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள் இருக்கும். ஐந்து மாதமாக வீட்டில் யாருக்கும் அதைக் காட்டியதில்லை. இப்போது மெதுவாக வெளியே எடுத்து நீட்டினார்.

சுண்டு நூலைச் சுற்றி அளந்தாள். "என்னோடதைவிட ரெண்டு மடங்கு" என்றாள். அந்த அளவுக்கு வளையத்தைப் பெரிதாக வெட்டினாள்.

அடுத்த நாள் மாலை பொடியன் டப்பாவைப் பிடுங்கிக் காதோரம் ஆட்டினான்.

"அம்மா! காலி!"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருங்க திறந்து குடுத்தா?"

அப்பா வலது கையை மேசைமேல் வைத்தார். எல்லோரும் பார்க்கும்படியே வைத்தார்.

"சுண்டுதான்."

எந்தச் சுண்டு என்று யாரும் கேட்கவில்லை.