துலுக்காத கிடா

ஜூலை 24, வியாழன்.

செவ்வாய்க்கிழமை நான் ஸ்கூட்டரை நிறுத்தியிருக்க வேண்டும். டேலி கணக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று, இலஞ்சி ரோட்டின் நடுவில் நின்ற கிடாவை உரசிக்கொண்டு போனேன். வண்டியின் பக்கக் கம்பி அதன் காதுக்குப் பின்னால் கிழித்துவிட்டது. அது எங்கள் கிடா. போன வருடம் டெங்குவில் அண்ணன் முத்துச்செல்வம் சாகக் கிடந்தபோது, பிழைத்தால் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் வெட்டுவதாக அம்மா நேர்ந்துவிட்ட கிடா. அதை யாரும் கட்டமாட்டார்கள், அடிக்கவும் மாட்டார்கள். வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. அன்று இரவே அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் இன்று மாலைவரை நினைத்தேன்.

இன்று வகுப்பு முடிந்து வரும்போது சாரல். தென்னந்தோப்பு வளைவில், அதே இடத்தில், அது நின்றது. வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தேன். நகரவில்லை.

எதிரே சைக்கிளில் வந்த சுடலையாண்டி அண்ணாச்சி சிரித்தார். கோயிலில் கிடா வெட்டுவது அவர்தான்.

"ஏட்டி அனுசியா, மாடன் கிடாவுக்கே ஹாரன் அடிக்கியா? நாளைக்குக் கொடையில தலையில தண்ணி தெளிச்சதும் உடம்பச் சிலுப்பி ஒரு துலுக்கு துலுக்கும். அதான் மாடனோட சம்மதம். பொறவு ஒரே வெட்டு. அதுவரைக்கும் ரோடு அதுக்குத்தான்."

அவர் போனதும் அது நெருங்கி வந்தது. மூத்திரமும் நனைந்த மயிரும் அழுகிய ஏதோ ஒன்றும் கலந்த வாடை என் தொண்டைக்குள் இறங்கியது. முழங்காலில் தலையைத் தேய்த்தது. காதுக்குப் பின்னால் புண் வாய் திறந்திருந்தது. உள்ளே, சோறு கொதிப்பதுபோல், வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். ஒன்று என் சுடிதாரில் விழுந்து நெளிந்தது. தட்டிவிட்டேன். அவ்வளவு சாரலிலும் அது ஒரு தடவைகூட உடம்பைத் துலுக்கவில்லை. நனைந்த ஆடு துலுக்காமல் நிற்குமா? நான்தான் சரியாகக் கவனிக்கவில்லையோ?

வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தேன். வாடை போகவில்லை. என்மேல்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அண்ணன் அறையில் அது இன்னும் அதிகமாக இருந்தது.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தாடை மட்டும் பக்கவாட்டில் அசைந்துகொண்டிருந்தது.

"என்னம்மா தின்னுதான்?"

"ஒண்ணும் தின்னலட்டி. மத்தியானத்துலருந்து சும்மாவே மெல்லுதான். கூப்பிட்டா முழிக்க மாட்டுக்கான்."

தலையணை ஈரமாக இருந்தது. அவன் காதுக்குப் பின்னால் முடி ஒட்டிக் கிடந்தது. விலக்கினேன்.

விலக்கியிருக்கக் கூடாது.

சோறு கொதித்தது.

அவனை எழுப்ப அம்மா செம்பிலிருந்து தண்ணீரை அள்ளினாள்.

"தெளிக்காதம்மா!"

தெளித்துவிட்டாள்.

அண்ணன் கைகளை ஊன்றி எழுந்தான். கண் திறக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை ஒரு துலுக்கு துலுக்கினான்.

நாளை கொடை. விடியும் முன் இலஞ்சி ரோட்டுக்குப் போய்க் கிடாவைப் பிடித்து வர வேண்டும். எப்படியாவது அதைத் துலுக்கவைக்க வேண்டும்.