பாத்தி மேல் போட்ட தோல்

முந்தாநாள் காய்ந்து கிடந்த தோல் இன்றைக்கு ஈரமாக இருந்தது. மழை இல்லை. மிளகாய்க்குத் தண்ணீரும் கட்டவில்லை. வரப்பில் நின்ற சோபனா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வருஷக்கணக்காக ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறவளுக்குப் பதனிட்ட தோலின் வாடை தெரியாதா? இது அது இல்லை. நாள்கணக்கில் கட்டுப் பிரிக்காத புண்ணின் வாடை, லேசான இனிப்போடு தொண்டையில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்கிற வாடை.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் புருஷன் மதியழகன் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. சர்க்கரையில் கால் மரத்துப்போன மனுஷன். பாதத்தில் ஆறாத புண் வேறு. இன்னொரு காயம் பட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில்தான் பொழுது சாயும் நேரத்தில் மிளகாய்க் கொல்லைக்கு ஓடிவந்தாள்.

எல்லாம் அந்த அம்மையார் கூந்தல் கொடியால் வந்தது. இலை கிடையாது, மண்ணில் வேர் கிடையாது. மஞ்சள் நூலாகச் செடியைச் சுற்றி, தண்டுக்குள் வாயை நுழைத்துச் சாற்றை உறிஞ்சுகிற சனியன். செடியோடு பிடுங்கிக் கொளுத்துங்கள், ஒரு துண்டு மிஞ்சினாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்றார் வேளாண்மை ஆபீசர். காய்க்கிற செடிக்குத் தீ வைக்க யாருக்கு மனசு வரும்? மதியழகன் கொடியை மட்டும் அறுத்துப் பாத்தியில் குவித்தான். கம்பெனிக் கழிவுத் தோலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மூடினான்.

“வெளிச்சம் இல்லன்னா இன்னா பண்ணும்? தானா செத்துடும்,” என்றான்.

சோபனா குனிந்து ஒரு துண்டைத் தூக்கினாள். தனியாக வரவில்லை. பக்கத்துத் துண்டும் சேர்ந்து எழுந்தது. கறுப்பு, பழுப்பு, நீலம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஓரங்களில் மஞ்சள் நூல் உள்ளே போய் வெளியே வந்து, மறுபடி உள்ளே போயிருந்தது. ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். சளக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. துளையிலிருந்து கெட்டியாக ஏதோ அவள் விரலில் வழிந்தது. சூடாக.

“சோபனா.”

பாத்தியின் கோடியில், செடிகளுக்குப் பின்னால் மதியழகன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்காலுக்குக் கீழே தோல் மூடியிருந்தது.

“இன்னாங்க இங்க உக்காந்துக்கினு? எழுந்திருங்க.”

“முடியல. வலி ஒண்ணும் இல்ல. கதகதன்னு சுகமாத்தான் இருக்குது.”

“கால வெளிய எடுங்க.”

“எடுத்தா இழுக்குது.”

அவன் சிரித்தான். ஈறு வெளுத்திருந்தது.

அழக்கூட நேரமில்லை. அவன் பக்கத்தில் கிடந்த அரிவாளை எடுத்தாள். தோலை அறுத்துவிட்டால் போதும். காலை மீட்டுவிடலாம். எங்கிருந்து அறுப்பது? விரலால் தடவிப் பார்த்தாள். முழங்கால். கெண்டைச்சதை. வழவழப்பு. மறுபடி மேலே. ஓரம் எங்கே? விளிம்பு எங்கே?

இல்லை.

காலில் இருந்த மயிர் அப்படியே கறுப்புத் தோலிலும் முளைத்திருந்தது. பழுப்பிலும். நீலத்திலும்.

அரிவாளின் சில்லிட்ட முனை அவன் முழங்காலில் பட்டது. பாத்தி முழுக்கப் பரந்து கிடந்த தோல் மொத்தமும் புல்லரித்தது.