அதீபாவின் பெயருக்கு வந்த பார்சல்

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குள் கொரியர் வண்டி வராது. கிரிவலக் கூட்டத்துக்காகக் காலையிலேயே சாலைகளை அடைத்துவிடுவார்கள். அதனால், பிற்பகல் மூன்று மணிக்கு மாடிப்படி ஏறி வந்த உஸ்மா, வாசற்கதவில் சாய்ந்திருந்த அட்டைப் பெட்டியைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். வெயிலே படாத படிக்கட்டு அது. கையில் எடுத்தபோது பெட்டி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, தூங்குகிற குழந்தையின் உடம்பைப் போல.

அனுப்பியவர் பெயர் இல்லை. பெறுபவர் இடத்தில் அதீபா என்று இருந்தது.

தங்கையின் பெயர் பார்சல் அனுப்பும் எந்தக் கம்பெனிக்கும் தெரியாது. நாற்பதாயிரம் பேர் பின்தொடரும் உஸ்மாவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அதீபாவின் முழு முகம் ஒருநாளும் வந்ததில்லை. வந்ததெல்லாம் இடது கன்னம் மட்டும்தான். அதுவும் உஸ்மாவின் கன்னம் என்ற பேரில்.

கம்பெனிகள் அனுப்பும் க்ரீம்களை உஸ்மா தன் முகத்தில் முதலில் போட்டதே இல்லை. முகம் கெட்டால் பார்சல் வருவது நின்றுவிடும். அதீபாவுக்குத் தடவிப் பார்ப்பாள். ஓசியில் ஃபேஷியல் என்று சிரித்தபடி கூப்பிடுவாள். அவளும் கண்ணாடி முன் முக்காலியில் உட்கார்ந்து, துப்பட்டாவைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, முகவாயை உயர்த்திக் காத்திருப்பாள். போன வருடம் ஒரு க்ரீம் ஒத்துக்கொள்ளாமல், அந்தக் கன்னத்தில் நாணய அளவுக்குக் கருத்துப்போனது. வெயில் என்று சொல்லி அம்மாவைச் சமாளித்த உஸ்மா, அந்தக் கருப்பையே நெருக்கமாகப் படமெடுத்து 'தடவுவதற்கு முன்' என்று போட்டாள். 'தடவிய பின்' என்பதற்குத் தன் கன்னம். அந்த ஜோடிப் படத்துக்குப் பிறகுதான் பார்சல்கள் வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று வரத் தொடங்கின. கருப்பு குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் அவள் கற்றுக்கொண்டாள்.

நாளை கீழ்பென்னாத்தூரிலிருந்து அதீபாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைப் பையன் சுஹைலின் போட்டோவை அவள் தன் ஃபோன் கவருக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அத்தா கீழே பூட்டுக் கடையில். சமையலறையில் அதீபா வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது.

"பார்சலாக்கா?"

"எனக்குதான் வந்துருக்கு. நீ வேலயப் பாரு."

"நாளைக்குள்ள இது மறைஞ்சிடும்னு சொன்னியே."

"மறைஞ்சிடும்டி. அப்புறம் போட்டு விடறேன்."

ஜன்னல் இல்லாத உள்ளறையில் வட்ட விளக்கைப் போட்டு, ஃபோனை ஸ்டாண்டில் மாட்டினாள். சீல் உடைப்பதை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் படமெடுக்க வேண்டும். நடுவில் வெட்டினால் பிரித்த பெட்டி என்று பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தெருவில் ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் நடக்கும் சத்தம், நிற்காத தூறலைப் போல, மூடிய கதவுக்குள்ளும் வந்துகொண்டிருந்தது.

பெட்டிக்குள் லேபிள் இல்லாத கண்ணாடிக் குப்பி ஒன்று. கூடவே ஒரு அட்டை. 'இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி. இது அதிலிருந்து தயாரானது.'

மூடியைத் திறந்ததும் வாசனைத் திரவியத்தின் மணம் வரவில்லை. சீயக்காய், வெந்தயம், அதற்கும் மேலாக இப்போதுதான் நறுக்கிய வெங்காயம். க்ரீமின் நிறம் உஸ்மாவின் நிறத்தைவிட ஒரு சாயல் மட்டம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சாயல்.

திரையைப் பார்த்தாள். முகத்தைக் கண்டதும் கேமரா போடும் மஞ்சள் கட்டம் அவள் முகத்தில் இல்லை. கீழே இறங்கிக் குப்பியின் வாயில் நின்றது. குப்பியை நகர்த்தினாள். கட்டமும் நகர்ந்தது.

ஃபோன் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

எந்த க்ரீமையும் புறங்கையில் இழுத்து வெளிச்சத்தில் காட்டுவது வழக்கம். விரலால் கொஞ்சம் எடுத்து ஒரு கோடு இழுத்தாள். சமையலறையில் நறுக்கும் சத்தம் நின்றது.

"அக்கா, கன்னத்துல என்னமோ ஜில்லுனு இருக்கு."

வீடியோவில் அவள் குரல் விழுந்துவிட்டதே என்று உஸ்மாவுக்கு எரிச்சல். டிஷ்யூவால் கையைத் துடைத்து, கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். இன்னொரு கோடு. கொஞ்சம் ஆழமாக எடுத்தாள்.

"அக்கா, இங்க வாயே—"

அந்தச் சொல் முடியவில்லை. யாரோ உள்ளங்கையால் பொத்தியதுபோல ஒரு முனகலாக மாறியது. கத்தி தரையில் விழுந்தது.

நிறுத்தியிருக்கலாம். எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் சீல் உடைந்துவிட்டது, இதை இன்னொரு தடவை எடுக்க முடியாது. வெளிச்சமும் இன்று அழகாக விழுந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு கோடு. இன்னொரு டிஷ்யூவால் துடைத்துக் கூடையில் போட்டாள். மறுபடி விரலை விட்டாள்.

விரலுக்கு அடியில் ஏதோ இமைத்தது.

கையை உதறினாள். துடைத்தாள். தோல் சிவக்கத் துடைத்து, டிஷ்யூவைக் கூடைக்குள் திணித்தாள். குப்பி காலியாகியிருந்தது.

முனகல் இல்லை.

சுவரில் ஒரு கை தடவிக்கொண்டு வரும் சத்தம். மெதுவாக. அலமாரியில் இடித்தது. நின்றது. மறுபடி வந்தது.

கதவு திறந்தது. உஸ்மா திரும்பவில்லை. திரையை மட்டும் பார்த்தாள். பின்னால் அதீபாவின் பச்சை சுடிதார். கால் தேடிப் பிடித்த முக்காலி. எப்போதும்போல உட்கார்ந்தாள். துப்பட்டாவைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். முகவாயை உயர்த்தினாள்.

நெற்றியிலிருந்து கழுத்துவரை, விரலால் வழித்துவிட்டதுபோல, கண்ணும் வாயும் இல்லாமல் வழவழப்பாக இருந்தது.

மஞ்சள் கட்டம் அவளைத் தேடியது. நிற்க இடம் இல்லை. நழுவியது. கீழே, குப்பைக் கூடைக்கு வந்தது. மூன்றாகப் பிரிந்தது.

கசங்கிய டிஷ்யூ ஒன்று உள்ளிருந்து ஈரமாக உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.

அதீபா கையைத் தூக்கினாள். இடது கன்னம் இருந்த இடத்தை ஒற்றை விரலால் மெல்லத் தட்டிக் காட்டினாள். காத்திருந்தாள்.