சாகக் கூடாத மீன்

காலையில் குழாய் திறப்பதற்கு முன்னால் ‘பவழமல்லி’ அடுக்ககத்திலிருந்து யாராவது ஒருவர் கீழே இறங்கி மீனைப் பார்த்துவிட்டு வருவார். குடியிருப்போர் குழுவில் "நீந்துது" என்று அவர் ஒரு வார்த்தை போட்டால் போதும், எல்லா மாடிகளிலும் குழாய் திறக்கும். இந்த வருடத்தில் மூன்றாவது முறையாக அந்த வார்த்தை வராத அன்று, மொத்தக் கட்டடமும் நீர்ச் செயலாளர் குமுதாவின் தலையில் வந்து விழுந்தது.

அந்தப் பதவியை அவள் கேட்டு வாங்கவில்லை. பொதுக்குழு நடந்தபோது பாத்ரூமுக்குப் போய்த் திரும்புவதற்குள் கைதட்டித் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதியாக ஒரு காபி குடிக்க நேரமில்லை.

"மூணு மீனும் போச்சே மேடம், ஒழுங்கா சாப்பாடு போடறீங்களா இல்லையா?" என்றார் சங்கத் தலைவர் தணிகாசலம்.

"சாப்பாடா சார் பிரச்சினை? தண்ணின்னு ஒண்ணு இருக்கே."

"அதை மட்டும் வெளிய சொல்லாதீங்க. சான்று போயிடும்."

சான்று போனால் வீடு போன மாதிரிதான். ஒரு காலத்தில் நீரின் தரத்தை உணரிகள்தான் சொல்லிக்கொண்டிருந்தன. சென்சார் திரையில் எல்லா எண்களும் பச்சையாக இருக்கும், ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். உணரிக்குச் சொல்லிக்கொடுத்தால் எதையும் சொல்லும் என்று தெரிந்த பிறகு, நீர்மெய்ப்பு வாரியம் உயிருள்ள ஒன்றை மட்டும் நம்புவது என்று முடிவெடுத்தது. அப்படி வந்ததுதான் சான்றுமீன்.

ஒவ்வொரு கட்டடத்தின் தண்ணீரிலும் ஒரு பங்கு தனிக் குழாயில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டிக்கு வர வேண்டும். அதில் ஒரு வேட்டைமீன் இருக்க வேண்டும். அதற்கு இரையாகும் சின்ன மீன்களும் பக்கத்துத் தொட்டியில் அதே தண்ணீரில்தான் வளர வேண்டும். சின்ன மீன்களின் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கும் நஞ்செல்லாம் அவற்றைத் தின்னும் பெரிய மீனிடம் போய்ச் சேரும். மனிதனுக்குப் பத்து வருடம் கழித்து வருவது மீனுக்குச் சில மாதங்களில் வந்துவிடும். நான்காவது மீனும் செத்தால் வாரியம் குழாயை மூடி முத்திரை வைக்கும். நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று தோண்டிக் கண்டுபிடிக்கும்வரை எல்லோரும் புறநகர்க் கூடாரங்களில் கிடக்க வேண்டியதுதான்.

குமுதா கொளத்தூருக்குப் போனாள். மீன்கடைச் சந்தில் ஜைனுலாபுதீன் பாய் அவளைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மறுபடியுமா மேடம்?"

"சாகாத மீனா ஒண்ணு குடுங்க பாய். எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு."

"விரால் இருக்கு. சாக்கடையில போட்டாலும் மேல வந்து காத்தைக் குடிச்சிட்டு உயிரோட இருக்கும். அதனாலதான் வாரியம் ஒத்துக்க மாட்டேங்குது. கொடுவா எடுத்துக்கோங்க. உப்புத்தண்ணி மீன்தான், ஆனா நம்மகிட்ட நல்ல தண்ணியில பழக்கினது. ஒரு அடி இருக்கு, மூணடி வரைக்கும் வளரும்."

"ஃபில்டர்?"

"பெரிய மீன் நிறைய தின்னும், நிறைய கழியும். அதோட அழுக்கே அதைக் கொன்னுடும். அதனால நுண்ணுயிர் வடிகட்டி தொட்டி அளவுக்கு மேலயே இருக்கணும், அது சட்டப்படி சரி. ஆனா ரெசினும் கரியும் மட்டும் போட்டுடாதீங்க. அது ரெண்டு தொட்டியிலயும் இருக்கற நஞ்சு உலோகத்தையெல்லாம் உறிஞ்சிடும். அப்புறம் மீன் எதுக்கு?"

துணை மீன்களைப் பற்றிக் கேட்டபோது பாய் சிரித்தார். "அதோட வாய்க்குள்ள போற எதையும் துணைன்னு நினைக்காதீங்க. வேணும்னா ரெண்டு பெரிய கட்லா கெண்டை விடுங்க. தேளிக் கெளுத்தியைக் கிட்ட சேர்க்காதீங்க, சண்டை போடும்."

கொடுவாவைத் தொட்டியில் விட்டுவிட்டு, இதையெல்லாம் அப்படியே பொதுக்குழுவில் சொன்னாள். காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டுமே. மூன்றாம் மாடிக்காரர் தன் மகனின் பிறந்தநாளுக்கு வந்த தங்கமீன்களைத் தொட்டியில் விட்டுவிட்டார். கொடுவா அவற்றை ஒரே மூச்சில் விழுங்கியது. பையன் அழ, அம்மா திட்ட, குற்றம் குமுதாவுடையது. ஏழாம் மாடி அம்மாள் கொல்லாமை பேசினார். சைவமாகச் சாப்பிடும் வேட்டைமீனாகப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்று கேட்டபோது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. குமுதாவுக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று புரியவில்லை.

எல்லோருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம், வரவேற்புக்கூடத்தில் மீன் நாற்றம் அடிக்கிறது என்பதுதான். அதைப் பிடித்துக்கொண்டார் தணிகாசலம்.

"வாசனை வடிகட்டின்னு ஒண்ணு இருக்காம். நான் ஏற்பாடு பண்றேன்."

"அதுக்குள்ள என்ன சார் இருக்கு?"

"கரிதான். கூட ஏதோ ரெசின்."

"சார், அது போட்டா..."

"நாத்தத்துக்குத்தான் மேடம். வாரியமே நாத்தத்துக்கு அனுமதி குடுக்குது. கூடாரத்துல போய் உக்காரணும்னு ஆசையா உங்களுக்கு?"

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் மேலே போயின. குமுதா அலுத்துப்போயிருந்தாள். எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று தன் கையையும் தூக்கினாள்.

கொடுவா செழித்தது. வெள்ளித் தட்டு மாதிரி மின்னிக்கொண்டு தொட்டியின் நீளத்துக்கும் போய்வந்தது. வாரிய அதிகாரி வந்து பார்த்துவிட்டு, வட்டாரத்திலேயே சிறந்த சான்றுமீன் என்று பாராட்டி, சான்றைப் புதுப்பித்துவிட்டுப் போனார். குமுதாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தவள் அதைக் குடிக்காமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். கடைசியில் தாகம் பொறுக்காமல் குடித்தாள். வேறு என்ன செய்வது?

சில மாதங்களில் தொட்டியின் நீர்மட்டம் குறைய ஆரம்பித்தது. கசிவு என்று நினைத்துப் பிளம்பரைக் கூப்பிட்டாள். அவன் தொட்டியைத் தட்டிப் பார்த்தான், குழாயைத் தடவிப் பார்த்தான், எங்கும் கசிவில்லை என்று கைவிரித்தான். சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் எல்லோரும் உண்டு உறங்கும் மதிய வேளையில் கீழே இறங்கி வந்தாள்.

வாசனை வடிகட்டியிலிருந்து தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் குழாயடியில் ஒரு குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குனிந்து நின்றவர் தணிகாசலம்.

குமுதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்களா சார்?"

அவர் குடத்து மூடியைத் தேடுவதுபோல் தரையைப் பார்த்தார். "நான் மட்டும் இல்ல மேடம். அஞ்சாவது மாடிக்காரங்களும் பிடிக்கிறாங்க. அந்த ஏழாவது மாடி அம்மாவும்."

"மீன் தண்ணியையா?"

"கொதிக்கவச்சுத்தான் குடுக்கறோம். பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. ஏழாம் மாசம். வடிகட்டாத குழாய்த் தண்ணியை அவளுக்கு எப்படிம்மா குடுப்பேன்?"

இத்தனை நாளும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் கை தூக்கினார்கள், தெரிந்துகொண்டேதான் சால்வை போர்த்தினார்கள். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அந்தக் குடத்தைப் பார்த்ததும் கோபத்தோடு அழுகையும் வந்தது.

"இந்தக் குடம் எத்தனை பேருக்கு சார் போதும்? மூணாவது மாடிப் பையன் எதைக் குடிக்கிறான்?"

குமுதா தொட்டியடியில் இருந்த கருவிப்பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கரியும் ரெசினும் இருந்த உருளையின் அருகே உட்கார்ந்தாள். அதற்குப் போகும் குழாயை மூடினாள். நுண்ணுயிர் வடிகட்டி மட்டும் ஓடியது. பிறகு உருளையைக் கழற்ற ஆரம்பித்தாள். ஆள் அசைவதைக் கண்டு, இரை போட வந்திருக்கிறார்கள் என்று கொடுவா கண்ணாடி ஓரமாக வந்து நின்றது. இத்தனை மாதம் தன் கையால் தீனி போட்ட மீன். அவளுக்கு அதன் பக்கம் திரும்பவே மனம் வரவில்லை.

"மேடம், வேண்டாம்மா. மீன் செத்துடும்."

"சாகட்டும் சார். உங்க பொண்ணுக்கு முன்னாடி சாகும். அதுக்குத்தானே வாங்கினோம்."

கடைசித் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. குமுதா இரண்டு கையாலும் அழுத்தியும் அது அசையவில்லை. தணிகாசலம் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வந்து, அவளுக்கு எதிரே மண்டியிட்டு, ஸ்பேனரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.